டேனிக்கும் கால் வீங்கியிருக்கு, அக்கா

வலியெல்லாம் விட்டுப்போன என் எஸ்தரக்காவுக்கு,

கல்லறைக்கு வந்தா பூ வெச்சிட்டு வாயை மூடிக்கிட்டுத் திரும்பிடறேன். அம்மா பக்கத்துல நிக்கும்போது உன்கிட்ட என்னன்னு பேசறது? அதான் எழுதறேன். நம்ம தம்பி டேனியைப் பத்திதான். பயமா இருக்குக்கா.

முதல்ல நல்ல சேதி. டேனி வேலைக்குப் போறான். விடாத முதுகுவலியில வருஷக்கணக்கா வீட்டோட கிடந்தவன், இப்ப ராமச்சந்திராபுரம் பக்கம் தன் பழைய ஃபேக்டரிக்கே கம்பெனி பஸ் ஏறிப் போறான். நான்தான் பேசி முடிச்சேன். நீ போன பிறகு குகட்பள்ளியில ஒரு வலி கிளினிக்ல பிசியோதெரபிஸ்டா சேர்ந்துட்டேன். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறதோட எங்க வேலை முடியறதில்ல. வலியோட இருக்கிறவங்க மறுபடி வேலைக்குப் போகணும்னா, அவங்க கம்பெனிக்காரங்களோடயும் உட்கார்ந்து பேசுவோம்.

டேனியோட சூப்பர்வைசர் ஸ்ரீனிவாஸ் சார் மாதிரி மனுஷன் தேடினாலும் கிடைக்கமாட்டார். இப்போதைக்கு அரை ஷிஃப்ட் போதும்னார். கனம் தூக்கற வேலையிலிருந்து எடுத்து இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில போட்டார். அதுக்குத் தோதா உயரமான ஸ்டூல் ஒண்ணு வாங்கிக் கொடுத்தார். டேனி வேகமா நடந்தாக்கூட "மெல்லகா, மெல்லகா"ன்னு தெலுங்குல மெதுவாப் போகச் சொல்வாராம். மாசாமாசம் மூணு பேரும் உட்காருவோம். வலி எப்படி இருக்கு, வேலையைக் கூட்டலாமா, குறைக்கலாமான்னு பேசுவோம்.

உன் மாதாப்பூர் ஆபீஸ்ல இப்படி ஒருத்தர் இருந்திருந்தா? கழுத்து வலிக்குதுன்னு சொன்னதுக்கு உன் மேனேஜர், "எல்லாருக்கும்தான் வலிக்குது"ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொன்னாரே. அப்புறம் நீ வாயே திறக்கல. மருந்துக்கடையில நீயா வாங்கின வலி மாத்திரை, காலையில ஒண்ணு, மீட்டிங்குக்கு முன்னாடி ஒண்ணு. கிட்னி போன பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சது.

நேத்து சர்ச்சுக்குக் கிளம்பறப்போ டேனி ஷூவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தான். கால் நுழையல. கணுக்கால்ல விரலை வெச்சு அழுத்தினேன். குழி விழுந்துச்சு, எழும்பவே இல்ல. உனக்கும் இப்படித்தானேக்கா ஆரம்பிச்சது?

"என்னடா முழுங்கறே?"ன்னேன். "ஒண்ணுமில்ல"ன்னான். "சொல்லித் தொலைடா கழுதை"ன்னு கத்தினப்புறம்தான் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தான். அதே மாத்திரைக்கா. தினமும் பஸ் ஏறும்போது போட்டுக்கிறானாம். நாங்க பேச உட்காருற நாள்ல ரெண்டு. வலியைச் சொல்றதுக்குன்னே வெச்ச மீட்டிங்குக்கு, வலி தெரியாம இருக்க மாத்திரை போட்டுக்கிட்டு வந்திருக்கான்! நானும் பக்கத்துல உட்கார்ந்து, "நல்ல முன்னேற்றம் சார்"னு சிரிச்சிருக்கேன்.

"கைக்குடா, ஏன்டா இப்படிப் பண்ணே?"

"அவர் எனக்காக மேல இருக்கிறவங்ககிட்ட சண்டை போட்டிருக்கார்க்கா. இவ்வளவு செஞ்ச மனுஷன்கிட்ட, இன்னும் வலிக்குதுன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

உன் மேனேஜர் கெட்டவர், நீ மறைச்சே. இவனோட சார் நல்லவர், இவனும் மறைக்கிறான். அப்போ நான் என்னத்தைத்தான் பேசி முடிச்சேன்? இன்னிக்குக் கிளினிக்ல "பரவாயில்ல மேடம்"னு சிரிச்ச ஒவ்வொருத்தரோட பையையும் பார்த்துக்கிட்டே இருந்தேன். இவங்கள்ல எத்தனை பேர் பையில அட்டை இருக்கோ.

ரத்தப் பரிசோதனைக்கு வாடான்னா "நக்கோ, வேணாம்"ங்கிறான். நாளைக்கு மீட்டிங். முழு ஷிஃப்ட் கேட்கப்போறானாம், பழைய வேலையையே கேட்கப்போறானாம். நான் வாயைத் திறந்தா ஜென்மத்துக்கும் அக்கான்னு கூப்பிடமாட்டேன்னு சொல்லிட்டான். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நேத்து மத்தியானம் பிரியாணி போட்டுட்டு அவன் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கன்னம் உப்பியிருக்கிறதைப் பார்த்து, "பிள்ளை சதை போட்டிருக்கான்"னு சந்தோஷப்பட்டாங்க.

நாளைக்குச் சொல்லிடப் போறேன்க்கா. அவனை வெச்சுக்கிட்டே சொல்வேன், ஸ்ரீனிவாஸ் சார் முழு ஷிஃப்ட்டுக்குத் தலையாட்டறதுக்கு முன்னாடியே சொல்வேன். அங்கிருந்து நேரா ஆஸ்பத்திரி. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டாவது போவேன். ரிசல்ட் என்ன வருமோ தெரியல. என்னை அக்கான்னு கூப்பிடாமலே அவன் கிழவனாகட்டும். உன் பக்கத்துல அவனைப் படுக்க வைக்க நான் விடமாட்டேன்.

உன் தங்கச்சி,
இன்னிக்கு வரைக்கும் டேனிக்கு அக்கா,
ரூபி