மரியசூசை சாரின் வலது கை

ஜூலை 6, ஞாயிறு

ஜோடி சேர்ந்துவிட்டது. நாலு வருடத் தேடல்.

காலையில் வீட்டில் எல்லாச் சத்தத்தையும் நிறுத்தினேன். ஃபேன், மிக்ஸி, டிவி. "இந்த வீட்ல பொண்டாட்டி பேச்சு எடுபடாது, ஸ்பீக்கர் பேச்சுதான் எடுபடும்" என்று சொல்லிக்கொண்டே பிரவீணா அடுப்படிக் கதவைச் சாத்தினாள். கனத்த ஓசைக்கான ஸ்பீக்கரான வூஃபரை மேசையில் மல்லாக்க வைத்து, கல்லூரி லேபிலிருந்து கொண்டுவந்த சிக்னல் ஜெனரேட்டரில் அதிர்வெண்ணை மெல்ல ஏற்றினேன். ஒவ்வொரு வூஃபரின் காகிதக் கூம்புக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே வந்ததும் அது தானாகவே பெரிதாக ஆடும். திருச்சி காயலான் கடையில் நான் எடுத்தது 27.4 ஹெர்ட்ஸ். இது 27.9. ஐம்பது வருடப் பழையவை இரண்டு அரை ஹெர்ட்ஸ் வித்தியாசத்தில் கிடைப்பது லேசில் நடக்காது.

இது எப்படிக் கிடைத்தது என்று யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எழுதிவிடுகிறேன்.

அரியலூரில் எங்கள் கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கும் ஆனி ரோஸ், "அப்பாவோட பழைய ஸ்பீக்கர் பாக்ஸ் பாடலைங்க சார், வந்து பாக்குறீங்களா" என்று கேட்டார். ஜூன் 22 அன்று ஏலாக்குறிச்சி போனேன். அப்பா மரியசூசை, ஓய்வுபெற்ற வாத்தியார். ஐந்து வருடம் முன்பு ஒரு காய்ச்சலில் காது சுத்தமாகப் போய்விட்டது. யார் எது சொன்னாலும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். பாக்ஸைத் திறந்தேன். உள்ளே என்னுடையதன் ஜோடி. ஒயர் ஒன்று பற்று விட்டிருந்தது, அவ்வளவுதான். நோட்டில் எழுதினேன்: "ஸ்பீக்கர் காயில் எரிந்துவிட்டது. மாற்ற வேண்டும்."

அடுத்த ஞாயிறு புதிதாக ஒன்றை வாங்கிப் போய் மாட்டிவிட்டு, பழையதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவருக்குத்தான் காது கேட்காதே, எந்த வூஃபர் இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

ஆனி ரோஸ் ஒரு சீப்பு பூவன்பழம் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "காசு வேணாம்னுட்டீங்க, இதையாவது வாங்கிக்கங்க சார். கொல்லையில பழுத்தது." வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிரவீணா இரண்டு சாப்பிட்டாள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டையும் புதுப் பெட்டிகளில் மாட்டிப் பாட வைத்தேன். நாலு வருடமாக இந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன்.

"என்னங்க, நல்லால்லையா?" என்றாள் பிரவீணா.

நல்லாத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை.

ஜூலை 17, வியாழன்

ஆனி ரோஸ் அரை நாள் லீவு. ஏன் என்று கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அப்பாவ டாக்டர்ட்ட காட்டணும் சார். கை மரத்துப்போச்சுங்குறாரு. காது போனதுலேருந்து அவரு பாட்டு கேக்குறதே கையாலதான். பாக்ஸ் துணி மேல வலது கைய வச்சிக்கிட்டு உக்காந்துருப்பாரு. எந்தப் பாட்டு ஓடுது, தபலா எங்க வருதுன்னு கரெக்டா சொல்லுவாரு. இப்ப ஒண்ணுமே தெரியலையாம். ரோஸு, காது போச்சு, இப்ப கையும் போவுதுன்னு ஒரே புலம்பல்."

அவர் பஸ் ஏறப் போனார். நான் லேபில் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாளே பார்த்தேனே. நான் ஸ்க்ரூ கழற்றும்போது அந்தக் கை பாக்ஸ் மேலேயே இருந்தது. கொஞ்சம் எடுங்க சார் என்று நான்தானே சைகை காட்டினேன். பெட்டி ஆடாமல் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேனா? நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். எதுக்குக் கை வைக்கிறார்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன, குறைஞ்சா போயிருப்பேன்?

ஜூலை 18, வெள்ளி

பழையது 27.9. புதியது 52, கைக்குத் தெரியும் அடி அதிர்வு இதில் வரவே வராது. வாங்கிய அன்றே அளந்து அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் குறித்து வைத்திருக்கிறேன். என் கையெழுத்துதான்.

ஜூலை 22, செவ்வாய்

சர்க்கரை கொஞ்சம் இருக்கிறதாம், நரம்பாக இருக்கலாம் என்று டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். சரியாகிவிடும் மேடம் என்று ஆனி ரோஸிடம் சொன்னேன். எந்த வாயால் சொன்னேனோ.

ஜூலை 25, வெள்ளி

கைக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் மரியசூசை சார் விரலை விட்டிருக்கிறார். மூன்று விரல் கொப்புளம். "சுட்டுச்சா அப்பான்னு எழுதிக் கேட்டேன் சார். சுட்டுச்சு, ஆனா பாட்டு தெரியலையேங்குறாரு" என்றார் ஆனி ரோஸ். கண் கலங்கியிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து அவருடைய வூஃபரைக் கழற்றிவிட்டேன். பிரவீணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அந்தப் பழத்த நான்ல தின்னேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 27, ஞாயிறு

அரியலூரில் பஸ் மாறி ஏலாக்குறிச்சி. மடியில் வூஃபர். "என்ன சார், அம்மிக்கல்லா?" என்றார் கண்டக்டர்.

ஆனி ரோஸ் கோயிலுக்குப் போயிருந்தார். சார் மட்டும் இருந்தார், விரல்களில் மருந்து வெள்ளையாக. வரும் வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தேன், புது வூஃபரில் கோளாறு, பழையதைச் சரிசெய்துவிட்டேன் என்று. ஒன்றும் எழுதாமல் முதலில் பழையதை மாட்டினேன். பாட்டைப் போட்டேன். அவர் உள்ளங்கையைத் துணி மேல் வைத்தார்.

பிறகு கொப்புளம் இல்லாத சுண்டுவிரல் தபலாவோடு தட்ட ஆரம்பித்தது. "வந்துருச்சு" என்றார், காது கேட்காதவர்களுக்கே உரிய சத்தத்தில். "கை போவல."

அதற்கு மேல் பொய் எழுத வரவில்லை. நோட்டைப் பின்னால் புரட்டி, காயில் எரிந்துவிட்டது என்று எழுதியிருந்த பக்கத்தை எடுத்தேன். அதன் கீழேயே எழுதினேன்: "இது பொய். ஒயர்தான் விட்டிருந்தது. உங்கள் வூஃபர்மேல் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டேன். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை."

வாத்தியார் பரீட்சைத் தாளைப் படிப்பதுபோல் நிதானமாகப் படித்தார். இரண்டு தரம். என்னை அடித்திருந்தால் தேவலை. அந்தத் தாளைக் கிழித்து, நாலாக மடித்து, என் சட்டைப் பையில் வைத்தார்.

"ரோஸுக்குத் தெரிய வேணாம். ஒங்க மேல மரியாத வச்சிருக்கா. அவ ஆபீஸ் போவணும்ல."

ஜூலை 28, திங்கள்

மறுபடி ஒரு சீப்பு. "அப்பா ராத்திரி நல்லா சாப்ட்டாரு சார். எல்லாம் ஒங்களாலதான்" என்றார் ஆனி ரோஸ்.

தாள் சட்டைப் பையில்தான் இருந்தது. கொடுக்கவில்லை. இன்றும் பழம் வீட்டுக்கு வந்திருக்கிறது. யாரும் தொடவில்லை.

ஜூலை 30, புதன்

மத்தியானம் அந்தத் தாளை ஆனி ரோஸிடம் கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே படித்தார். தாளைத் தன் பையில் வைத்துக்கொண்டு சீட்டுக்குப் போய்விட்டார். ஐந்து மணி வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

லேபுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அந்த ஒயர ஒட்ட எத்தன நேரம் ஆவும் சார்?"

"ரெண்டு நிமிஷம்."

தலையாட்டினார். "அப்பா நாலு வாரம் ராத்திரி பகலா அந்தக் கையத் தேச்சிக்கிட்டே இருந்தாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.