நவநீதன் பெயரில் வந்த பெட்டி

சோலூர்,
புரட்டாசி கடைசி வெள்ளி.

சசிகலாவின் அப்பாவுக்கு,

கோகிலவாணி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் கை எழுதப் போனது. கருமாதி முடிந்து இரண்டு வருஷமான மனிதரிடம் எப்படி நலம் விசாரிப்பது என்று தெரியவில்லை. இங்கே நானும் பிள்ளையும் நலம். லூயிஸ் அண்ணன் லீவு முடிந்து திங்கட்கிழமை சவூதிக்குக் கிளம்புகிறார். நீங்கள் உயிரோடிருப்பது இந்த ஊரில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்றைக்குப் போனை வைத்துவிட்டேன் என்று அவரிடம் வருத்தப்பட்டீர்களாம். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் டீச்சர் நின்றிருந்தார். யாருங்க என்று கேட்டேன். நாந்தான், வாணி என்றீர்கள். போனை வைத்தேன். தவறான நம்பருங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு முட்டை உரிக்க உட்கார்ந்தேன்.

லூயிஸ் அண்ணன் எல்லாம் சொன்னார். கம்பெனியை விட்டு வெளியே வேலை பார்க்க ஓடினீர்கள். ஆள் குறைந்தது தெரியக் கூடாதென்று, உங்கள் அடையாளக் கார்டை, அங்கே தங்கக் காகிதம் இல்லாத ஒருவனிடம் கொடுத்து, உங்கள் பேரில் வேலைக்கு நிறுத்தினீர்கள். இதை எங்கே கற்றீர்கள் என்று எனக்குத் தெரியும். தேயிலை எஸ்டேட்டில் உங்கள் அண்ணி சுஜாதா வராத நாளில் அவள் பேரில் நான் கொழுந்து எடுத்து எடை போடுவேன், என் பேரில் அவள் போடுவாள். பதிவேட்டில் பேர் விடுபடாமல் இருந்தால் போதும், கங்காணியும் கண்டுகொள்ள மாட்டார். அதே நினைப்பில் அங்கேயும் செய்துவிட்டீர்கள். அந்த ஆள் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். உங்கள் பேரில் செத்தான்.

பெட்டி வந்த கதையை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஆம்புலன்சில் வந்தது. மேலே உங்கள் பேர் ஒட்டியிருந்தது. தொறக்காதீங்க, நாளாயிருச்சு என்றார் டிரைவர். ஒரு தடவை முகத்தைப் பார்க்கிறேன் என்று நான் கத்தினேன். உங்கள் அண்ணன் மனோகரன், பாக்கற மாதிரி இருக்காது புள்ள, நெனப்புல இருக்கற முகம் போதும் என்று என்னைப் பிடித்து இழுத்துவிட்டார். அவரே மொட்டை போட்டுக் குடம் உடைத்தார். ஓடையில் உட்கார வைத்து என் வளையலை உடைத்தார்கள். சசிகலா பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரோ ஒரு அந்நியனைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள்.

அவன் செத்தது உங்களுக்கு அந்த வாரமே தெரியும் என்கிறார் லூயிஸ் அண்ணன். செத்தவனை யாரும் தேட மாட்டார்கள், அது உங்களுக்கு வசதியாக இருந்தது. அப்போது ஒரு போன் செய்திருந்தால் ஓடி வந்திருப்பேன். எவன் காலிலாவது விழுந்து உங்களை மீட்டிருப்பேன். இப்போது போலீஸ் பிடித்துக் காவலில் வைத்ததும் வாணி நினைவு வந்துவிட்டது. நான் அழுது முடித்துவிட்டேன், மறுபடி முதலிலிருந்து தொடங்க என்னால் ஆகாது.

கிளம்பும்போது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கென்யாவில் மழை பெய்து தேயிலை பெருகினால் இங்கே விலை விழுந்து நமக்கு வேலை நாளைக் குறைக்கிறான், இந்த இலையை நம்பி எத்தனை நாள் என்றீர்கள். அது சரிதான். எஸ்டேட்டில் நம் லைன் வீட்டில் இப்போது ஜார்க்கண்ட் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நான் அட்டைக் கடியை விட்டுச் சோலூருக்கு வந்துவிட்டேன். ஆதரவற்ற விதவை என்று தாசில்தார் கொடுத்த சான்றில்தான் சத்துணவு வேலை கிடைத்தது. நீங்கள் வந்து நின்றால் அந்த வேலை போகும், பொய் சொல்லி வாங்கினாள் என்று கேஸும் வரும். சசிகலா ஊட்டியில் நர்சிங் படிக்கிறாள், சாயங்காலம் ஜெர்மன் பாஷை வகுப்புக்குப் போகிறாள். அவளும் போகத்தான் போகிறாள், நான் தடுக்கவில்லை. அவளாவது சொந்தப் பேரில் போகட்டும்.

செவ்வாய்க்கிழமை தூதரகத்திலிருந்து ஒருவர் பேசினார். நல்ல தமிழ். ஒருவர் தன்னை நவநீதன் என்கிறார், பதிவிலோ நவநீதன் இறந்துவிட்டார், நீங்கள் அடையாளம் சொன்னால்தான் அனுப்ப முடியும் என்று போட்டோ அனுப்பினார். பார்த்தேன். பாதித் தலை நரைத்து, கன்னம் ஒட்டிப்போய், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு மட்டும் புருவத்தில் அப்படியே இருந்தது. அந்தத் தழும்புக்கு மஞ்சள் வைத்துக் கட்டியது நான்தான்.

தெரியாதுங்க, என் வீட்டுக்காரரைப் புதைச்சாச்சு என்றேன். நிச்சயமாகவா அம்மா என்று மறுபடி கேட்டார். நிச்சயங்க என்றேன்.

இனி போன் செய்யாதீர்கள். சசிகலா லீவில் வரும்போது என் போனை அவள்தான் எடுப்பாள். அங்கே கொடுக்கிற சோற்றை வீணாக்காமல் சாப்பிடுங்கள். குளிரில் உங்களுக்கு மூச்சு இழுப்பு வரும், போர்த்திக்கொண்டு படுங்கள். சாமி உங்களைக் கைவிடாது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஆளின் பேரும் ஊரும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். லூயிஸ் அண்ணனிடம் சொல்லியனுப்புங்கள். ஐப்பசியில் திதி வருகிறது. இரண்டு வருஷமாக அந்தக் குழிமேட்டில் உங்கள் பேரைச் சொல்லிச் சோறு வைத்தேன். இந்த வருஷம் அங்கே உங்கள் பேரைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இப்படிக்கு,
கோகிலவாணி