சமன்பாட்டில் ஒரு கொசுறு

10-11-1974
மூன்று கணக்கு போட்டேன். மூன்றும் தப்பு. அழ வேண்டியவள் சிரித்துக்கொண்டிருக்கிறேன் — எனக்கென்ன ஆச்சு?

போன தடவை எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் மட்டும் நாலு மார்க்கில் கோட்டை விட்டேன். வரும் ஏப்ரலில் பாஸானால்தான் டீச்சர் டிரெயினிங்கில் சேர முடியும். "இதான் கடைசி வாட்டி, ஷாஜாதி" என்று மாமியார் சொல்லிவிட்டார்.

13-11
மச்சானே சொல்லித் தருகிறார்! என் வீட்டுக்காரர் சௌகத் அலி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்; பெண் பார்க்க வந்த அன்று மாமனார் அதை மூன்று தடவை சொன்னார். மளிகைக் கடையிலிருந்து பழைய தராசைக் கொண்டுவந்து கூடத்தில் தொங்கவிட்டார்.

"சமன்பாடுன்னா இன்னா? தராசு. ரெண்டு தட்டும் சமமா நிக்கணும், அவ்ளோதான்."

இத்தனை வருஷம் புரியாதது ஒரு நிமிஷத்தில் புரிந்தது.

16-11
3x + 5 = 20. இடது தட்டில் ஐந்தை எடுத்தோம். வலது தட்டிலும் ஐந்தை எடுத்தால் பதினைந்து. மச்சான் பதினாறு என்று எழுதினார். மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறது.

"மிஞ்சுதே மச்சான்."

"ஒண்ணு தானே, இருக்கட்டும்."

எனக்குப் பிடிபட்டுவிட்டது. வாடிக்கைக்காரர் தட்டில் ஒரு பிடி கூடப் போட்டே பழகிய கை, கணக்கிலும் கொசுறு போடுகிறது! நானே திரும்பப் போட்டேன். x = 5. மூவைந்து பதினைந்து, ஐந்தைக் கூட்டினால் இருபது. சரி. சரியேதான்.

24-11
ஏழு கணக்கு. ஏழும் சரி. ரசத்தில் உப்பு போட மறந்தேன்.

1-12, ஞாயிறு
மழை விட்டு நல்ல வெயில். மாமல்லபுரம் போனோம். மணலில் மச்சானின் குடையை நட்டேன். குடை மூன்றடி, நிழல் இரண்டடி. பக்கத்துத் தென்னையின் நிழல் இருபத்து நான்கடி. இரண்டும் வடிவொத்த முக்கோணங்கள். நிழலைப் போல ஒன்றரை மடங்கு உயரம். அப்படியானால் மரம் முப்பத்தாறு அடி. ஏறாமலே அளந்துவிட்டேன்!

மச்சான் நிழலை அளந்து இருபத்தைந்து என்றார். நான் முறைத்தேன். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நானும் கணக்குல பெயிலுதான். நைனாக்கு மட்டும் தெரியும். உன்கிட்ட சொல்ல வெக்கமா கீது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களே என்று நினைப்பதற்குள், இவருக்கும் சொல்லித்தர ஆள் இல்லையே என்று தோன்றிவிட்டது. "பரீட்சைக்கு உங்களுக்கும் ஒரு பாரம் வாங்கியாங்க" என்றேன்.

2-4-1975
பரீட்சை. நான் செங்கல்பட்டில். அவர் காஞ்சிபுரத்தில் — வீட்டில் சரக்கு வாங்கப் போயிருக்கிறார் என்று பேச்சு. ஒவ்வொரு விடையையும் தட்டில் வைத்துப் பார்த்தேன். அவர் பார்ப்பாரா? கை பழக்கத்துக்குப் போகாமல் இருக்கணும், அல்லாவே.

18-6
இருவருக்கும் மார்க் பட்டியல் வந்தது. எனக்கு அறுபத்தொன்று. மாமியார் என் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டார்.

மச்சான் தன்னுடையதை, என்னை அறைக்குள் கூட்டிப் போய்க் காட்டினார். முப்பத்தாறு. பாஸுக்கு முப்பத்தைந்து போதும்.

"அந்த ஒண்ணு எதுக்கு மச்சான்?"

"இருக்கட்டும்."

சிரித்து முடிக்க அரை மணி ஆயிற்று. திங்கட்கிழமை எனக்கு டிரெயினிங் ஸ்கூல். புதுக் குடை வாங்கி வைத்திருக்கிறார்.