கீழ்க்கட்டையை அழுத்தினால் மேலே கூவும்

நண்பா,

நம் கோயிலில் புதிதாக வாசிக்க வந்திருக்கும் பெண், இன்று ஆராதனை முடிந்ததும் பியானோவின் இடது கோடியில் ஒரு கட்டையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள். கனத்த ஒலி நின்றது. அதன் பிறகும் மெல்லிய கூவல் ஒன்று நீண்டுகொண்டிருந்தது. "அண்ணே, இது இன்னா, உள்ள ஏதாச்சும் ஒடஞ்சிகீதா?" என்றாள். என்னிடம் போய்க் கேட்டாள் பார்! அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

நீ இங்கே வாசித்த காலத்தில் நீயும் இதைத்தான் கேட்டாய். வெளிநாடு போன யாரோ மீஞ்சூர்க் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய பியானோ அது. கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கிய வாரம், கீழ்க்கட்டையைத் தொட்டாலே விசில் அடிக்கிறதென்று சோறு தண்ணி இல்லாமல் அலைந்தாய். திருகாணிகளை எல்லாம் முடுக்கினோம். மேலே இருந்த பூ ஜாடியையும் எடுத்துப் பார்த்தோம். நிற்கவில்லை. சென்னையிலிருந்து சுருதி சேர்க்க வந்தவர் சிரித்துவிட்டார். மற்ற கம்பிகளின் அதிர்வை அடக்கக் கம்பளித் துண்டு உண்டாம். உச்சியிலிருக்கும் குட்டைக் கம்பிகளுக்குக் கிடையாதாம். பெரிய கம்பி அதிர்ந்தால் அவையும் தாமாக அதிருமாம். "கோளாறு இல்ல சார், அதுங்க கூடப் பாடுதுங்க" என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியும். பயிற்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தேன்.

அடுத்த வாரம், நாம் வேலை பார்த்த கும்மிடிப்பூண்டி ஆலையில், உலைக்குக் காற்றூதும் புளோயரின் பக்கத்தில் எண்ணெய்க் கேனோடு நின்றுவிட்டாய்.

"டேய், கேளு. அடியில உறுமுதுல்ல, அதுக்கு மேல கூவிக்கினே கீது."

எனக்கும் கேட்டது. "பியானோ மாதிரிதான்டா. எங்கியோ ஒரு தகடு கூடப் பாடுது."

"நிறுத்திப் பாக்கலாமா?"

"நிறுத்துனா உலை ஆறிடும். மறுபடி சூடேத்திட்டு ஊட்டுக்குக் கெளம்பறதுக்குள்ள பயிற்சியே முடிஞ்சிடும். பேஜாரு பண்ணாத."

தலையாட்டினாய். சூப்பர்வைசரிடம் நீ சொல்லவில்லை. நான் சொன்னால் உனக்குப் போதும்.

மூன்று நாள் கூவியது. நாளுக்கு நாள் கூர்மை ஏறியது. நீ அதனோடு சேர்ந்து பாட்டுகூட முனகினாய், நான் சிரித்தேன். நான்காம் நாள் காலை, நான் டீ குடிக்கப் போயிருந்தபோது கூவல் மட்டும் சட்டென்று நின்றது. உறுமல் அப்படியே இருந்தது. அப்பாடா, தகடு விழுந்து தொலைந்தது என்று நினைத்தேன். அடுத்த மடக்கு குடிப்பதற்குள் தரை குலுங்கியது. புளோயருக்குள் சுழலும் விசிறியின் இறக்கையில் விரிசலாம், அதுதான் கூவியிருக்கிறது. பிய்த்துக்கொண்டு, உறையைக் கிழித்து, நீ எண்ணெய் விடக் குனிந்திருந்த பக்கமாக வந்திருக்கிறது.

உன் மனைவி எஸ்தர் இன்றுவரை கேட்கிறாள். "அண்ணே, ஊசி விழுந்தாக்கூட எங்க ஊட்டுக்காரருக்குக் கேக்குமே. அன்னிக்கி ஒண்ணுமே கேக்கலியா அவருக்கு?" அடக்கத்தன்று, "கேக்கலம்மா" என்றேன். அதையே வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "காதே அவர ஏமாத்திடுச்சு" என்று அவள் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன்.

உனக்குச் சரியாகத்தான் கேட்டதடா. சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் உன் வீட்டுக்குப் போகிறேன். அவள் சோறு போடுகிறாள். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.