கிரகணம் பார்த்த படம்

அக்கா,

கூரை ஒழுகி நனைந்த அலமாரியைக் காலிசெய்தபோது உங்கள் எக்ஸ்ரே படம் கையில் வந்தது. கிரகணம் பார்க்க வாங்கி, நான் திருப்பித் தராமலே விட்டது. உறையெல்லாம் பூஞ்சை. எனக்கோ நாம் இருவரும் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்ட புகைக்கூடத்தின் வாடைதான் அடித்தது.

எழுபதுகளின் தொடக்கம். உங்களுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இருமல் நிற்காமல் பாலிங் டவுனுக்குப் போய்ப் படம் எடுத்தீர்கள். நுரையீரலில் திட்டு இருக்கிறது, இனிப் புகையில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசரிடம் அதைக் கொண்டுபோனோம். அவர் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

"புகையில நின்னா இருமத்தான் செய்யும். வேல மாத்திக் கேக்குறது மாலாஸ்," என்றார்.

சோம்பேறித்தனத்துக்கு மலாயில் சொல்லும் அந்த ஒரு சொல் உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நீங்களும் மறுநாளே புகைக்கூடத்துக்குத் திரும்பினீர்கள். வேறென்ன செய்வீர்கள்?

எண்பதுகளில் பைப்படியிலிருந்து வீட்டுக்கு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோக உங்களால் முடியவில்லை. நடுவழியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டுப் போவீர்கள். தலைவாரக் கையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்று அந்த நீள முடியை வெட்டிக்கொண்டீர்கள். குளித்துவந்தால் சேலை கட்டுமுன் படுத்து எழ வேண்டும். "அம்மாவுக்கு வயசாச்சு லா," என்றான் உங்கள் மகன். என்ன வயது? உங்களைவிட மூத்தவர்கள் அப்போதும் மரம் சீவிக்கொண்டிருந்தார்கள்.

நான் மட்டும் யோக்கியமா? பைப்படியில் எல்லார் முன்னாலும் கேட்டேன்: "என்னக்கா, நடக்கவே மாலாஸா?"

முக்காலியில் இருந்தபடி மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "மாலாஸ் இல்லடி. உள்ள இடமில்ல."

அதற்கும் சிரித்தோம்.

போன வாரம் என் மருமகள் பக்கத்துவீட்டுப் பெரியவரை அந்தச் சொல்லால் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

டிரெசர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. ஆனால் அவர் அந்தப் படத்தைப் பார்க்காதவர். நான் பார்த்தேன், அக்கா. கிரகணத்தன்று லயத்து வீட்டு வாசலில் நின்று சூரியனுக்கு நேரே பிடித்தேன். அந்த வெள்ளைத் திட்டின் வழியே வெளிச்சம் வந்து கண் கூசியது. சலித்துக்கொண்டே படத்தை நகர்த்தி, திட்டில்லாத கறுப்பு இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.