ஜாவாஸ்கிரிப்ட்டை நிறுத்திக் காட்டியது

12 ஜூலை 2016, செவ்வாய்

குள்ளஞ்சாவடி டிரைவிங் ஸ்கூல்காரர் தன் இணையதளம் தேடினால் வருவதே இல்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். கட்டிக் கொடுத்தது பாஸ்கர். நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை. ஷிஃப்ட் முடிந்து இந்த வேலையும் செய்கிறார். படமும் எழுத்தும் பறந்து வரட்டும் என்று எல்லாவற்றையும், பக்கம் திறந்த பிறகு ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் போட்டு வைத்திருக்கிறார்.

ஸ்கூல்காரர் கண்ணெதிரே என் லேப்டாப்பில் ஜாவாஸ்கிரிப்ட்டை நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரை. நடுவில் 'சற்றுப் பொறுக்கவும்' என்று ஒரே வரி. தேடுபொறியின் சோதனைக் கருவியிலும் அதே வரிதான் வந்தது.

"தேடுறப்ப அதுக்குத் தெரியறது இவ்வளவுதாங்க," என்றேன்.

அவர் உடனே பாஸ்கருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அவரு போன்ல நல்லா வருதாங்க. நீங்கதான் எதையோ ஆஃப் பண்ணி வச்சிகினு காட்டுறீங்க. நீங்க சுரங்கத்துல பெர்மனென்டா, கான்ட்ராக்டா?"

கான்ட்ராக்ட் என்றேன். அதற்குமேல் அவர் திரையைப் பார்க்கவே இல்லை. இந்த ஊரில் வெள்ளைத் திரை வெள்ளை என்பதைக்கூட சுரங்கத்தின் குவார்ட்டர்ஸ் வீடு கிடைத்த பெர்மனென்ட்காரன்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து வீம்புக்கு உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை இறக்கி, எழுத்தெல்லாம் முதலிலேயே தெரியும்படி திருத்திவிட்டேன். சோதித்தும் பார்த்தாயிற்று. ஒரு வரி விடாமல் தெரிகிறது. திருத்தியதைப் போட்ட பென்டிரைவ் என் பீரோவில் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் டிரைவிங் கற்க ஆள் சேராவிட்டால் ஸ்கூல்காரர் பாஸ்கரைத்தான் பிடித்து உலுக்குவார். சரிசெய்யத் தெரியாமல் பாஸ்கர் என்னைத் தேடி இங்கே வருவார். வரட்டும். வாசலில் நிற்க வைத்து, அவர் எழுதிய அந்த ஒரே வரியை அவருக்கே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவேன்.