பாதியில் உருவிய கார்ட்ரிட்ஜ்

ஜூலை 15, செவ்வாய்

நான் வேலை பார்த்த ஊட்டி வானொலி நிலையத்தில் ஒலிநாடாப் பெட்டிகளை ஓட்டும் கார்ட்ரிட்ஜ் மெஷினை நாளை பழைய இரும்புக்குப் போடுகிறார்களாம். கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன். ஈரத்தில் அதன் ரப்பர் உருளை பிசுபிசுத்திருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அலமாரியில் கிடந்த கார்ட்ரிட்ஜைப் போட்டதும், போன வருடம் இறந்துபோன அறிவிப்பாளர் சரோஜாவின் குரல் பாதி வாக்கியத்தில் தொடங்கியது. பேச்சு முடிந்ததும் நாடா சுற்றிவந்து, ஆரம்பத்தில் தானாக நிற்கும். அதற்குள் உருவினால் அடுத்த முறை இப்படித்தான். எல்லாம் அன்றைய என் அவசரம்.

"ஏனுங்க, அது நிக்கறவரைக்கும் பொறுக்க மாட்டீங்களா?" என்று தினமும் கடிந்துகொள்வார்.

இன்று பொறுத்தேன். நின்ற பிறகே எடுத்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டேன். இனிப் போட்டால் முதல் சொல்லிலிருந்து பேசுவார். போடத்தான் மெஷின் இல்லை.